வீடு மாறி வந்த கேரல் பாட்டு

2024 டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. மதுரையில், கோரிப்பாளையத்தை ஒட்டிய தெருவில் உள்ள எங்கள் வாடகை வீடு. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து, மார்கழி என்பதால் வாசலை அடைத்துக் கோலம் போட்டேன். பால் காய்ச்சி, என் கணவருக்கு டீ கொடுத்து அனுப்பினேன். சிம்மக்கல் மொத்தக் கடைகளிலிருந்து சரக்கு ஏற்றிப் போய்ச் சில்லறைக் கடைகளில் இறக்கும் சின்ன லோடு வண்டி அவருடையது. கிறிஸ்துமஸ் வாரத்தில் ஞாயிறும் லீவு கிடையாது. மைதா, முந்திரி, உலர்திராட்சை என்று போய்க்கொண்டே இருக்கும்.

மாலையில் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினார். வருடா வருடம் நான் கேட்டு வாங்கிக்கொள்ளும் சுற்று இது. நாங்கள் இந்துக்கள்தான். ஆனாலும் கடை வாசல்களில் தொங்கும் காகித நட்சத்திரங்களும், பேக்கரிக்குள்ளிருந்து தெருவரைக்கும் வரும் கேக் வாசனையும், துணிக்கடைக் கூட்டமும் எனக்குப் பிடிக்கும். அன்று ஒன்று மட்டும் உறுத்தியது. ஆற்றுப் பாலத்தில், இடப்பக்கம் வந்த டூவீலரை ஒரேயடியாக ஓரத்தில் நெருக்கிவிட்டார். அந்த ஆள் வாய்க்கு வந்தபடி திட்டினான். எப்போதும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவர், அன்று பேசாமல் ஓட்டினார்.

ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். எனக்கு ஒரு வேலை இருந்தது. மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா கிறிஸ்தவர். பண்டிகைக்குக் குடும்பத்தோடு திருநெல்வேலிப் பக்கம் போயிருந்தார். "நட்சத்திரத்த மட்டும் தெனமும் ஆறு மணிக்குப் போட்டுரும்மா, இருட்டா கெடக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தார். ஆறுக்குப் போட்டேன். மாடி முகப்பில் நட்சத்திரம் சிவப்பாக எரிந்தது.

ஏழு மணி இருக்கும். வாசலில் கொட்டுச் சத்தம். எட்டிப் பார்ப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கோலத்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் முன்னறைக்குள் வந்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடி வரும் சர்ச்சுக்காரர்கள். கிதார், தம்பட்டம், தாடி வைத்த முகமூடியோடு ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா.

"ஸ்தோத்திரம்க்கா!" என்றார் முன்னால் வந்தவர். நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கை கூப்புவதா, கண்ணை மூடுவதா, உட்காரச் சொல்வதா? பாதிப் பாட்டில் நிறுத்தி, நட்சத்திரம் மாட்டிய வீட்டுக்காரர்கள் நாங்கள் இல்லை என்று சொல்வது மரியாதையா? குளித்துவிட்டுத் துண்டோடு வந்த என் கணவரும் சுவரோரம் நின்றுவிட்டார்.

பாட்டு முடிந்ததும் தாத்தா ஆடிக்கொண்டே வந்து, என் கணவரின் இடப்பக்கம் நின்று மிட்டாய் நீட்டினார். இவர் திரும்பவே இல்லை. நீட்டிய கை நீட்டியபடி இருக்கிறது. வேற்று மதத்தார் தருவதை வாங்கக் கூடாது என்று நிற்கிறாரோ? அப்படிப்பட்ட மனிதர் இல்லையே! எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. நானே போய் வாங்கிக்கொண்டேன்.

"ஜெபக் குறிப்பு ஏதாச்சும் இருக்காக்கா?" என்று முன்னால் வந்தவர் கேட்டார். எதற்காகப் பிரார்த்திக்க வேண்டும் என்று அர்த்தம். உண்மையைச் சொல்லிவிட இதுதான் சமயம் என்று நான் தொண்டையைச் சரிசெய்தேன். அதற்குள் என் கணவர் பேசினார்.

"எனக்குக் கண்ணுக்கு வேண்டிக்கங்கண்ணே. எடது ஓரத்துல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. லோடு வண்டி ஓட்டுறேன். இன்னைக்குப் பாலத்துல ஒருத்தன அடிச்சிருப்பேன்."

ஜெபக் குறிப்பு கேட்டவர் கண்ணை மூடினார். எல்லோரும் மூடினார்கள். நான் மட்டும் என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆண்டவரே, இந்த அண்ணனுக்குச் சுகம் தாரும். விடிஞ்சதும் டாக்டர்கிட்டப் போற மனசையும் நீரே தாரும்" என்று முடித்தார்.

ஜெபம் முடிந்ததும் உண்மையைச் சொன்னேன். "அண்ணே, இது நட்சத்திரம் மாட்டுனவுக வீடு இல்ல. அவுக மாடில, ஊருக்குப் போயிட்டாக. நாங்க வாடகைக்கு இருக்கோம்."

அவர் ஒரு நொடி விழித்துவிட்டுச் சிரித்தார். "இந்தத் தெருவுக்கு இந்த வருசந்தான்க்கா வாரோம். நட்சத்திரம் எரியுதேன்னு நுழைஞ்சுட்டோம்."

தாத்தா முகமூடியைக் கழற்றினார். நாற்பது வயதிருக்கும், வேர்வையில் நனைந்திருந்தார். "இதப் போட்டா எனக்கும் ரெண்டு ஓரமும் தெரியாதுண்ணே. தடவித் தடவித்தான் வாரேன்."

"அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே கேசு, மாப்ள" என்றார் என் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் போனதும் கேட்டேன். "எம்புட்டு நாளா இப்புடி?"

"தீபாவளிக்கு முன்னால இருந்து."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"ஒன்கிட்டச் சொன்னா அடுத்த நிமிசமே சாவிய வாங்கி வச்சுருவ. பாட வந்தவுக கேட்டுட்டு அவுக பாட்டுக்குப் போயிருவாக."

"இப்ப மட்டும் வாங்க மாட்டேனாக்கும்?"

கொடியில் கிடந்த சட்டையின் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். அதை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு சமையலறைக்கும் முன்னறைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

பிறகு தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணில் நீர் அழுத்தம். போன பார்வை வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார்கள் டாக்டர்கள். வண்டிக்கு ஒரு டிரைவர் வைத்திருக்கிறோம். இவர் கடை கடையாக ஆர்டர் பிடிக்கிறார். எனக்கு இன்னும் தெளியாதது வேறு. பக்கத்திலேயே இருக்கும் என்னிடம் சொல்ல முடியாததை, வீடு மாறி வந்தவர்களிடம் அவரால் எப்படிச் சொல்ல முடிந்தது? வருத்தப்படுவதா, அவர்கள் வந்ததற்கு நன்றி சொல்வதா என்று கேட்டால், இரண்டும்தான்.

மறுநாள் காலை, கோலம்கூடப் போடாமல், முதல் வேலையாகக் கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் அவருடைய இடப்பக்கமாகவே நடந்தேன்.