சுலோசனாவுக்கு முதல் வளையல்

ஹேமாவதி எதற்கெல்லாம் பயப்படுவாள் என்று அவள் வீட்டுக்காரர் பாஸ்கரனிடம் கேட்டால், எதற்குப் பயப்படமாட்டாள் என்று கேளுங்கள், சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம் என்பார். போன் மணி அடித்தால் பயம். தெரியாத நம்பர் என்றால் இன்னும் பயம். நெமிலிச்சேரி ஸ்டேஷனில் ரயில் வந்து நின்ற பிறகும், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டுத்தான் ஏறுவாள். கேஸை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் ஆவடியில் இறங்கி வீட்டுக்குத் திரும்பி வந்த நாட்கள் உண்டு.

இப்படிப்பட்டவள்தான் அம்பத்தூர் ஓ.டி.க்குப் பின்னாலிருக்கும் தெருவில் தனியொருத்தியாக டி.டி.பி. கடை நடத்திக்கொண்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர் எல்லாம் வரும் என்றாலும், கடை ஓடியது கண்ணீர் அஞ்சலி போஸ்டரால்தான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, வாசகம் நீங்களே போட்டுக்குங்கக்கா என்பார்கள். ஹேமாவதி போடுவாள். பண்பின் சிகரம், பாசத்தின் பிறப்பிடம். குடித்துவிட்டுப் பெண்டாட்டியைத் தெருவில் ஓடவிட்டவன்கூட அவள் கைக்கு வந்தால் அன்பின் திருவுருவம் ஆகிவிடுவான். செத்தவர்களைப் பற்றிக் கெட்டதாக ஒரு எழுத்துகூட அந்த விரல்கள் தட்டியதில்லை.

கடை இருந்தது மலர்ச்சி மாதர் சங்கத்தின் முன்னறையில். சங்கத்தை ஆரம்பித்தவர் தாட்சாயிணி அம்மா. இறந்து சில வருஷமாகிறது. இருந்திருந்தால் இந்த ஆடியில் நூறு வயது.

ஹேமாவதிக்கு அவர் செய்தது சின்ன காரியமில்லை. பத்தாவது முடித்த கையோடு தாய்மாமனுக்குக் கட்டிவைக்க வீட்டில் நாள் பார்த்துவிட்டார்கள். மாமனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி, தாட்சாயிணி அம்மா குடையும் கையுமாக வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பெண்ணை அனுப்பாமல் எழுந்திருக்கமாட்டேன் என்று சாயங்காலம் வரை பச்சைத்தண்ணி குடிக்காமல் இருந்தார். மறுநாளே ஹேமாவதி சங்கத்தில் டைப்ரைட்டர் முன்னால் இருந்தாள். கை நடுங்கி எழுத்தெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது. பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"பயமா இருந்தா பயந்துகிட்டே அடி. மிஷினுக்கு அதெல்லாம் தெரியாது."

அதனால் நூற்றாண்டு மலருக்கு அம்மாவின் வாழ்க்கையை நீங்கள்தான் எழுத வேண்டும் என்று கிருஷ்ணப்பிரியா வந்து கேட்டபோது ஹேமாவதியால் மறுக்க முடியவில்லை. கிருஷ்ணப்பிரியா, தாட்சாயிணி அம்மாவின் தம்பி பேத்தி. ஐயப்பன்தாங்கலில் ஃப்ளாட், ஐ.டி. கம்பெனியில் வேலை, சனிக்கிழமைகளில் மட்டும் சங்கத்தின் செயலாளர். பாசமான பெண்.

எழுதுவது சுலபமாகத்தான் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட் கம்பெனிகளில் பெண்களுக்குக் கக்கூஸ் வேண்டுமென்று வாசல் கேட்டில் உட்கார்ந்தது, அடிபட்டு ஓடிவந்தவர்களைச் சங்கத்திலேயே படுக்க வைத்தது என்று பக்கம் நிரம்பியது. கடைசியில் ஊரே அறிந்த ஆடிப்பூர வளையல். அன்றைக்குக் கோயிலில் அம்மனுக்கு வளையல் சாத்துவார்கள். பிறகு அது பிள்ளை பெற்ற சுமங்கலிகளுக்கு மட்டும் கிடைக்கும். தாலி இழந்தவளும் பிள்ளை இல்லாதவளும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். தாட்சாயிணி அம்மா அதே நாளில் சங்கத்தில் அவர்களை நடு நாற்காலியில் உட்காரவைத்துக் கை நிறைய வளையல் போட்டார். வருஷா வருஷம் முதல் வளையல் வெள்ளானூர் சுலோசனாவுக்குத்தான். ஹேமாவதி எழுதினாள்: மழலைச் செல்வம் வாய்க்காத சுலோசனாவைத் தம் மகளாகவே எண்ணி முதல் வளையல் அணிவித்து மகிழ்ந்தார் அன்னை.

படித்துக் காட்டினால் சுலோசனாக்கா சந்தோஷப்படுவாள், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வெள்ளானூர் போனாள்.

சுலோசனா இட்லி மாவு விற்பவள். புதிதாக வந்த வீடுகளுக்கெல்லாம் அவள் மாவுதான். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து மாவை அள்ளிப் பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டே கேட்டாள். ஹேமாவதி அந்த வரியைப் படித்ததும் கரண்டி நின்றது.

"வாய்க்காதன்னா இன்னாடி அர்த்தம்?"

ஹேமாவதி அர்த்தம் சொன்னாள்.

"எனக்கு வாய்ச்சுது. பொண்ணு. செல்வின்னு பேரு வெச்சிருந்தேன்."

அதற்கப்புறம் சுலோசனா சொன்னதை ஹேமாவதி பல நாள் தூக்கத்தில்கூடக் கேட்டாள். எமர்ஜென்சி சமயம். ஒரு நாள் காலையில் வேன் வந்தது. முன்சீட்டில் தாட்சாயிணி அம்மா. பொம்பளைங்களுக்கு இலவச செக்கப், எல்லாரும் ஏறுங்கள் என்றார். அந்தம்மா கூப்பிட்டால் யார் ஏறமாட்டார்கள்? சுலோசனா, பால் குடிக்கும் குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். ஒரு கூடாரத்தில் கைநாட்டு வாங்கினார்கள். கண் விழித்தபோது அடிவயிற்றில் தையல். இனிமேல் பிள்ளைத் தொல்லை இல்லை என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கார்த்திகை மழையில் செல்வி காய்ச்சலில் போய்விட்டது. அந்தக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனை மாற்ற முடியாது என்று தெரிந்ததும் புருஷனும் வேறொருத்தியைத் தேடிப் போய்விட்டான்.

"அந்தம்மா கெட்டது நெனச்சு செய்யல. அதுங்கூடப் பொறந்த அக்கா ஆறாவது பிரசவத்துல ரத்தமாப் போயி செத்தவ. பொம்பளைங்க பெத்துப் பெத்து சாவுறாங்கன்னு அதுக்கு ஒரு வெறி. நல்லதுன்னு நெனச்சுத்தான் பொய் சொல்லிச்சு." சுலோசனா பாக்கெட்டின் வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டாள். "அதுக்கு அடுத்த ஆடியிலதான் இந்த வளையல் பங்ஷனே ஆரம்பிச்சுது. தெரியுமா உனக்கு?"

ஹேமாவதிக்குத் தெரியாது. சங்கத்தில் யாரும் சொன்னதில்லை.

"மொத வளையல் எனக்குப் போடும். போட்டு முடிக்கிற வரிக்கும் என் மூஞ்சப் பாக்காது. நானும் வருஷா வருஷம் போவேன். வளையலுக்கா போனேன்? இந்த வருஷமாவது எல்லார் முன்னாடியும் வாயத் தொறந்து சொல்லிடுமான்னு போவேன். சொல்லாமயே பூட்சு."

அப்படியானால் இந்த வளையல் விஷயத்தையே எடுத்துவிடுகிறேன் அக்கா என்றாள் ஹேமாவதி.

"ஏன் எடுக்கணும்? என் தங்கச்சி மேல அவ புருஷன் கெரசின ஊத்திக் கொளுத்துனப்ப உள்ள பூந்து இஸ்துகினு வந்தது யாரு? அந்தம்மாதான். அதையும் எழுது. என்னுதையும் எழுது. ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கணும். என்னைக் கொண்டுபோய்க் கடேசில சொருவிடாத."

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பக்கத்திலிருந்த பெண் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

ஹேமாவதி செய்த தப்பு, மறுநாளே போன் போட்டுக் கிருஷ்ணப்பிரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னது. கமிட்டியில் கேட்கிறேன் ஆன்ட்டி என்று அவள் வைத்துவிட்டாள். கமிட்டி என்றால் சம்பந்தம் என்கிற ஒரே ஆள்தான். பழைய விவசாயக் குடும்பம், இப்போது மனை வியாபாரம். சங்கக் கட்டடம் நிற்கிற இடமே அவர் அப்பா தானமாகக் கொடுத்தது. அவர் சொன்னால் அந்த முன்னறை இருக்கும், சொல்லாவிட்டால் இருக்காது.

சம்பந்தம் கோபமாக வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சிரித்துக்கொண்டே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா தங்கச்சி, கட நல்லா ஓடுதா?"

ஓடுதுங்கண்ணே என்றாள்.

"ஓடட்டும். செத்தவங்கள நல்லபடியா அனுப்பி வெக்கிறதுதான உன் தொழிலு. எங்கப்பனுக்கே எவ்ளோ நல்லா போட்ட. வள்ளல்னு போட்ட. படிச்சிட்டு எங்கம்மாவே சிரிச்சிட்டாங்க." எழுந்து போய் ஷட்டரைப் பிடித்துப் பாதிவரை இறக்கினார். கடை இருட்டியது. மறுபடி ஏற்றினார். "இறுகிக்கீது. எண்ண போடச் சொல்லட்டா?"

வேண்டாங்கண்ணே என்றாள். அவர் போன பிறகும் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை.

வீட்டில் பாஸ்கரன், போஸ்டர் மாதிரி அடித்துக் கொடுத்துவிட்டு வா என்றார். எஸ்டேட் லேத்தில் விரல் நுனியைக் கொடுத்துவிட்டு ஓய்வாக இருப்பவர். கடை வருமானத்தில்தான் குடும்பம் ஓடியது. அவர் சொன்னதில் தப்பில்லை. ஹேமாவதியும் அப்படித்தான் நினைத்தாள். செத்துப்போனவரை இப்போது எழுப்பிக் கேட்கவா முடியும்? தன்னை வாசற்படியில் உட்கார்ந்து மீட்டவருக்குத் தானே இதைச் செய்வதா? ஆனால் கண்ணை மூடினால், நின்றுபோன மாவுக் கரண்டி வந்தது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சுலோசனாவின் பத்தியை அடித்தாள். தெருவில் சம்பந்தத்தின் புல்லட் மாதிரி பைக் சத்தம் கேட்டால் அழித்தாள். சத்தம் தாண்டிப் போனால் மறுபடி அடித்தாள். ஒருவழியாக முடித்ததும், மலரின் கடைசியில், மனை விளம்பரத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் வைத்துப் பார்த்தாள். யார் கண்ணிலும் படாது. சுலோசனாக்காவுக்குப் படிக்கத் தெரியாது. இருக்கிறது என்று காட்டிவிடலாம். நிம்மதியாக இருக்க வேண்டியது. அப்படி இருக்கவில்லை. வேனில் ஏற்றியவரும் எல்லாம் நல்லதுக்குத்தான் என்று இப்படித்தானே நினைத்திருப்பார்.

பின்னாலிருந்து அந்தப் பழைய குரல் வந்தது. பயந்துகிட்டே அடி.

பத்தியை அப்படியே தூக்கி வளையல் பத்திக்குக் கீழே வைத்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். மழலைச் செல்வம் என்ற வரியை எடுத்துவிட்டாள். தாட்சாயிணி அம்மாவின் அக்கா பிரசவத்தில் செத்ததையும், சுலோசனாவின் தங்கையைத் தீயிலிருந்து இழுத்து வந்ததையும், வேனையும், செக்கப் என்று சொன்ன பொய்யையும், செல்வியையும் ஒரே பக்கத்தில் அடுக்கினாள். புரூஃபைக் கிருஷ்ணப்பிரியாவுக்கு அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அது கமிட்டிக்குப் போகும், சம்பந்தம் வருவார் என்று அன்று முழுக்க ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது. ஓகே ஆன்ட்டி. அந்தப் பெண் யாரிடமும் காட்டாமல் தானே சம்மதித்திருக்கிறாள் என்று புரிந்ததும் ஹேமாவதிக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துப் பயம் வந்தது.

ஆடிப்பூரத்தன்று சங்கம் நிறைந்துவிட்டது. மாலை போட்ட படம், தட்டு நிறையப் பச்சை வளையல், மேசைமேல் மலர்க் கட்டு. முதல் வரிசையில் சம்பந்தம் மலரைப் பிரித்து விளம்பரப் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். ஹேமாவதி சுவரோடு ஒட்டி நின்றாள். ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது. தலை நிமிரவில்லை.

கிருஷ்ணப்பிரியா முதல் வளையலை எடுத்துக்கொண்டு சுலோசனாவிடம் வந்தாள். சுலோசனா கையை நீட்டினாள். நீட்டிய கையை இறுக்கி முஷ்டியாக மூடிக்கொண்டாள். அந்தக் கையில் வளையல் ஏறாது.

"மொதல்ல அந்தப் பக்கத்தப் படிக்கச் சொல்லு. டைப் அடிச்சவளையே படிக்கச் சொல்லு."

மைக் ஹேமாவதியிடம் வந்தது. அவள் நடுக்கம் மைக்கில் ஏறி, ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் படித்தாள். வேன் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. தங்கையின் தீ, அதற்கப்புறம் செல்வி. படித்து முடித்தபோது யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் வெள்ளானூர்க் கிழவி ஒருத்தி எழுந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அவளும் அந்த வேனில் ஏறியவள் என்று பக்கத்திலிருந்தவர்கள் கிசுகிசுத்தார்கள்.

சுலோசனா முஷ்டியைப் பிரித்தாள். கிருஷ்ணப்பிரியா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வளையலை ஏற்றினாள். கையைப் பார்க்காமல் போட்டதால் விரல் முட்டியில் இடித்து ஒன்று உடைந்தது. இன்னொன்றை எடுத்தாள்.

சம்பந்தம் போகிற போக்கில், தைக்கு மேல் அந்த அறை சங்கத்துக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கிருஷ்ணப்பிரியா கமிட்டியில் பேசிப் பார்த்தாள், நடக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவளும் செயலாளர் இல்லை.

கடை இப்போது நெமிலிச்சேரியில், வீட்டு மாடிப்படிக்குக் கீழே. வரும்படி பாதிதான். போர்டு எழுதிய பாஸ்கரன் அம்புக்குறியைத் தப்பான பக்கம் போட்டுவிட்டு, ஆட்கள் சுற்றிக்கொண்டு வந்தால் கடைக்கு மவுசு என்கிறார். போன் மணி அடித்தால் ஹேமாவதி இன்னும் திடுக்கிடுகிறாள்.

போன வாரம் ஒரு பெண் அப்பாவுக்கு அஞ்சலி போஸ்டர் கேட்டு வந்தாள். வாசகம் நீங்களே போட்டுடுங்கக்கா என்றாள். ஹேமாவதியின் விரல் வழக்கம்போல் பண்பின் என்று தட்டிவிட்டு நின்றது. கேட்டால் எழுந்து போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.

"அப்பா எப்படிம்மா? உன்கிட்ட எப்படி இருந்தாரு?"

அந்தப் பெண் போட்டோவைப் பார்த்தாள். எழுந்து போகவில்லை. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.