மீன் குழம்புக் கொட்டகை

என் கணவருக்கு அணுமின் நிலையத்தில் வேலை கிடைத்த புதிது. அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ் தருவதற்குத் தாமதமானதால், சதுரங்கப்பட்டினத்தில் ஒரு வீட்டு மாடியில் மகளோடு வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். முட்டைகூடத் தொடாத சைவம். நானோ தூத்துக்குடிக்காரி, மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. கடலைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு கத்திரிக்காய் வதக்குவதா?

வீடு பார்க்கப் போன அன்றே அதைப் பேசி முடித்துக்கொண்டோம். மாடி அடுக்களையில் மீன் கூடாது. தோட்டத்துக் கொட்டகையில் தனி அடுப்பு, தனிச் சட்டி வைத்துக்கொள்ளலாம். அப்படியே நடந்தது. நான் அங்கே சங்கரா மீன் கழுவிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கார அம்மா காற்று வீசாத பக்கமாக நாற்காலியைப் போட்டு, மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார். அந்த ஊரில் எனக்கு வாய்த்த ஒரே பேச்சுத்துணை அவர்தான்.

ஒரு புயலுக்குப் பிறகு கொட்டகைச் சுவர் வெடித்துச் சாய்ந்தது. உப்புக் காற்றில் கூரைத் தளத்துக் கம்பி துருப்பிடித்து, சிமெண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து வெளியூரில் இருந்த அவருடைய மகன், இந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்க ஆள் அனுப்பினார். வந்தவர் கொட்டகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இதை இப்படியே வைத்துக்கொண்டு பாலிசி கிடைக்காது, வாடகைக்கு இருப்பவர்கள் தலையில் விழுந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அதே வாரம் இடித்துவிட்டார்கள். புதிதாகக் கட்ட அந்த அம்மாவுக்கு வசதி இல்லை.

இடித்தது சரிதான், அதில் எனக்கு வருத்தமில்லை. அடுத்த ஞாயிறுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மாடியேறி வந்து, சரி, உன் அடுக்களையிலேயே செய்துகொள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். வரவில்லை. நானாகப் போய்க் கேட்க மாட்டேன் என்று எனக்கும் வீம்பு. ஞாயிறுதோறும் ரசமும் அப்பளமுமாகப் போனது. கொட்டகை போனதும் உட்கார்ந்து பேச இடமும் இல்லாமல் போனது. படியில் எதிர்ப்பட்டால் சிரித்துக்கொள்வதோடு சரி. கடைசியில் மீன் பேச்சையே எடுக்காமல், மகளின் பள்ளிக்கூடம் தூரம் என்று சாக்குச் சொல்லிக் காலி செய்துகொண்டு போனோம்.

சென்ற மாதம் செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். மெலிந்து போயிருந்தார். மாடிக்கு அதன் பிறகு யாரையும் குடிவைக்கவில்லையாம். என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"இன்னாம்மா, ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? மேலயே செஞ்சிக்கோனு சொல்லியிருப்பேனே. நீ கேப்ப, கேப்பனு பாத்துகினே இருந்தேன்."

நானும் அவர் சொல்வார், சொல்வார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம்.