மங்கல் வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி

என் மகளோடு சேர்ந்தாற்போல் சில நாள் இருக்க வேண்டுமென்றால் நான் மான் வேட்டைக்குப் போக வேண்டும். வேறு வழியில்லை. ரொறன்ரோவிலிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓடினால் வருகிற வடக்குச் சிற்றூர் ஒன்றில் அவள் தாதியாக இருக்கிறாள். நத்தாருக்கும் டியூட்டி, பொங்கலுக்கும் டியூட்டி, கோடையில் மற்றவர்கள் லீவு எடுக்கும்போதெல்லாம் அவர்களுக்குப் பதிலாக இவள் டியூட்டி. நவம்பரில் மட்டும்தான் லீவு எடுப்பாள். அதுவும் எங்களுக்காக இல்லை, மானுக்காக.

ஸ்கார்பரோவில் பிறந்த பிள்ளை. சின்ன வயதில் இறைச்சிக் கடைக்குள் வர மறுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு காருக்குள்ளேயே இருப்பாள். வடக்கே போன பிறகு துவக்கு வாங்கினாள், மான் சுட்டாள், அம்மா தபாலில் அனுப்புகிற கறித்தூளைப் போட்டு அதைச் சமைத்து எங்களுக்குப் படமும் அனுப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "அப்பா, நீங்களும் லைசன்ஸ் எடுங்கோவன். என்ரை ஸ்ராண்டிலை ரெண்டு பேர் இருக்கலாம்," என்றாள்.

ஸ்ராண்ட் என்பது காட்டு வெளியைப் பார்த்தபடி மரத்தோடு சேர்த்து உயரத்தில் கட்டிய பலகைப் பெட்டி. விடியலில் ஏறி உட்கார்ந்தால் இருட்டும்வரை இறங்குவதில்லை, சத்தமாகப் பேசுவதுமில்லை. அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் ஒரு பகல் முழுக்க என் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவள் பெட்டி கட்டிப் போன நாளிலிருந்து ஏங்கிக்கொண்டிருந்தவன் நான்.

என் மனைவிக்குத் துவக்கு என்ற சொல்லே ஆகாது. "துவக்குக்குப் பயந்துதானே இந்த நாட்டுக்கு ஓடி வந்தனாங்கள்? இப்ப நீங்கள் காசு குடுத்து வாங்கப் போறியளோ?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அதனாலேயே நான் கோபப்பட்டேன். "அவளோடை இருக்கோணுமெண்டால் மானோடைதான் போகோணும். நான் என்ன செய்யிறது?" என்று கத்திவிட்டுப் பாதுகாப்பு வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். லைசன்ஸ் வந்ததும், வேட்டையை விட்டுவிட்ட ஒஷாவாக் கிழவர் ஒருவரிடம் பழைய துவக்கு ஒன்றை மலிவாக வாங்கி, நிலவறையில் பூட்டி வைத்தேன். நல்ல துவக்கு. அதன் மேலே பூட்டிக் குறிபார்க்கிற குழாய்க் கண்ணாடி மட்டும் இல்லை. அதுதான் ஸ்கோப்.

துவக்கு வாங்குவது லேசு. ஸ்கோப் வாங்குவதுதான் பொம்பிளை பார்க்கிற மாதிரி. ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மார்க்கம் நகரில் இருக்கிற மனைவியின் தம்பி தன் வாழ்நாளில் துவக்கைத் தொட்டதில்லை, ஆனாலும் அவனுக்கு அபிப்பிராயம் இருந்தது. "வாங்கிறதெண்டால் பெரிசா வாங்குங்கோ அத்தான். இருபத்திநாலு மடங்கு பெருப்பிச்சுக் காட்டுறதே இப்ப மலிவா விக்குது," என்றான். அவன் வீடும் அப்படித்தான். ஆறு அறை, இருப்பது மூன்று பேர்.

பக்டரியில் சாப்பாட்டு இடைவேளைகளில் போனைத் தேய்த்துத் தேய்த்து நான் கண்டுபிடித்தது இதுதான். கையில் கொஞ்சக் காசுதான் இருக்கிறதென்றால் பெரிய எண்ணுக்கு ஆசைப்படக் கூடாது. மலிவான ஸ்கோப்பில் இருபத்திநாலு மடங்கு என்று எழுதியிருந்தால், காசு முழுக்க அந்த எண்ணுக்குத்தான் போயிருக்கிறது, கண்ணாடிக்குப் போகவில்லை. எங்கள் கலியாண வீட்டு வீடியோக்காரர் சிலரைப் போல, கமரா பெரிது, படம் மங்கல். அதோடு ஸ்கோப்பைத் துவக்கில் இறுக்குகிற வளையங்களுக்கும் காசு ஒதுக்க வேண்டும். வளையம் சொத்தியென்றால் இரண்டு வெடியோடு குறி விலகிவிடும். மகளிடம் கேட்டபோது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "மான் மத்தியானம் வராதப்பா. லைக், சூரியன் போன பிறகுதான் வரும். அந்த நேரத்திலை என்ன தெரியுதெண்டு மட்டும் பாருங்கோ."

கடைக்குள் ரியூப் லைற் வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அதனால் ஒரு பின்னேரம், பொழுது சாய்கிற நேரமாகப் பார்த்துப் போய், வெளியே கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன். கடை விதி இடம் கொடுக்காது என்றாள். நான் போகவில்லை. கண்ணாடி அலுமாரியைப் பார்த்தபடி நின்றுகொண்டேயிருந்தேன். நிற்பதற்கு எனக்கு நல்ல பழக்கம் உண்டு, அகதி விண்ணப்பம் கொடுத்த காலத்தில் வந்தது. கடைசியில் அவள் மூன்று ஸ்கோப்புகளை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக என்னோடு கார் நிறுத்துமிடத்துக்கு வந்தாள்.

வீதிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடை ஒன்று பூட்டிக் கிடந்தது. விளக்கில்லாத அதன் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். இருபத்திநாலு மடங்குக் குழாயில் 'கொத்துரொட்டி' என்ற சொல் யானை அளவுக்கு வந்தது, ஆனால் சாம்பல் கரைத்த தண்ணீருக்குள் கிடப்பதுபோல. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவது யாரோ பாவித்துத் திருப்பிக் கொடுத்த பழையது. நாலே மடங்கு, கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. அதில் எழுத்துச் சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் 'இடியப்பம் ஓடர் எடுக்கப்படும்' என்ற அடி வரியை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டாள். சாப்பாடு என்றேன். பழையதையே வாங்கினேன், மிச்சக் காசில் நல்ல வளையங்களும் வாங்கினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியே சிரித்துக்கொண்டு கார் ஓட்டினேன்.

சரஸ்வதி பூசை வந்தது. துவக்கைச் சாமி அறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஸ்கோப் துவக்கு இல்லையே, அது வெறும் கண்ணாடிதானே என்று நான் கிண்டலாகச் சொன்னேன்.  பூசை முடிந்து பார்த்தால், அகராதிக்கும் என் வேலைப் பெட்டிக்கும் நடுவில் ஸ்கோப் இருக்கிறது. அதன் முன்கண்ணாடியின் நட்ட நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, பொட்டுக்கு மேலே குங்குமம், சுற்றிவரத் திருநீறு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாதக் கணக்காகக் கண் வலிக்கத் தேடி வாங்கியது. யோசிக்காமல் சால்வைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தேன். திருநீற்றோடு சேர்த்துத் துடைத்தால் கண்ணாடிப் பூச்சு கீறுப்படும் என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே துடைத்தேன். நடுவில் ஒரு கீறல் வட்டம் விழுந்தது. "உனக்கு மண்டைக்குள்ள ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன்.

"புதுக் காருக்கு வைச்சனான், அவளின்ரை முதல் கொம்பியூட்டருக்கும் வைச்சனான். அப்ப பேசாமல்தானே நிண்டனீங்கள்?" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "உந்தக் கண்ணாடியாலை பாக்கேக்கை நீங்கள் பிள்ளையோடை இருப்பியள். நான் இஞ்சை இருப்பன். எனக்கும் ஆசையிருக்காதோ?"

நான் சால்வையை மடித்து வைத்தேன். அவளைக் கட்டிப் பிடித்திருக்கலாம். நாங்கள் அப்படிப் பழகியவர்கள் இல்லை. தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நவம்பரில் வடக்கே போனேன். மகள் கொஞ்சம் மெலிந்திருந்தாள், கை மட்டும் உரமாகியிருந்தது. என் துவக்கில் ஸ்கோப்பை அவளே இறுக்கினாள். மண்மேட்டில் காகிதம் குத்தி, மூன்று வெடி, ஒரு திருகு, பிறகும் மூன்று வெடி என்று குறியைச் சரிசெய்தாள். நடுவில் நிறுத்தி, முன்கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள். விளிம்பு வளையத்தின் இடுக்கில் மஞ்சளாகக் கொஞ்சம் காய்ந்து கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"அம்மாவோ வைச்சவ?"

"ஓம். சொன்னால் கேக்கிற ஆளே அவ? துணி இருந்தால் தா, துடைச்சுவிடுறன்."

"வேண்டாம், விடுங்கோ," என்றாள். துடைக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் தன் துவக்குத் துப்புரவுப் பெட்டியைச் சும்மா திறந்து திறந்து மூடினாள்.

அவளுடைய குளிர்ப்பெட்டி சின்னது, அதனால் ஒரு மான் போதும் என்பது எங்களுக்குள் பேச்சு. ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை. மான் விழுந்த அடுத்த நாளே டியூட்டிக்குத் திரும்புவதாக ஒப்புக்கொண்டுதான் அவள் லீவு வாங்கியிருந்தாள். மான் விழுந்தால் நானும் காரை எடுக்க வேண்டியதுதான்.

விடியலில் ஸ்ராண்டில் ஏறினோம். தோளோடு தோள் முட்டுகிற இடம். அவள் சுடுதண்ணிப் போத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு கண்ணை மூடித் தலையை என் தோளில் சாய்த்தாள். என் கை விறைத்துப் போனது. எடுக்கவில்லை. இதற்காகத்தான் வந்தேன், இது முடியவே கூடாது என்று இருந்தது எனக்கு.

சூரியன் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. அவள் விழித்து, என் முழங்காலைத் தொட்டாள். வெளியின் ஓரத்தில் ஒரு கொம்பன் மான் வந்து நின்றது. முதல் வெடி எனக்கென்று முன்பே சொல்லியிருந்தாள்.

ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். அந்தக் கீறலையும் மீறி, அந்த மங்கலிலும், எல்லாம் தெரிந்தது. மூக்கு நுனியின் ஈரம் தெரிந்தது, மூச்சுப் புகை தெரிந்தது. குறுக்குக் கோடு அவள் காட்டித் தந்த இடத்தில், முன்காலுக்குச் சற்றுப் பின்னால், ஆடாமல் நின்றது.  விரல் மட்டும் விசைக்குப் போகவில்லை.

"தெரியேல்லை," என்று மெல்லச் சொன்னேன்.

அவள் தன் துவக்கைத் தூக்கினாள். அவளுடைய ஸ்கோப் விலை கூடினது, இந்த வெளிச்சத்துக்கென்றே ஓவர்டைம் செய்து வாங்கியது. நீண்ட நேரம் பார்த்தாள். மான் பக்கவாட்டில் திரும்பி, எந்த அவசரமும் இல்லாமல் புல்லை மேய்ந்தது. அவள் துவக்கைத் தாழ்த்தி மடியில் வைத்தாள்.

"எனக்கும் தெரியேல்லையப்பா," என்றாள்.