தீவில் என் கையெழுத்து

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் ஓர் இடத்தில் நிலையாக இருந்ததில்லை. மலையாளத்துப் பக்கம் போய் முதலமடையில் மாங்காய் பறித்தேன். காந்தலூரில் பூண்டு நட்டேன். கடைசியில் ஆனைக்கரையில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்து முதலாளிக்கு ஜீப் ஓட்டினேன். துபாயில் டிரைவர் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, அங்கிருந்த மேனேஜர்தான் எனக்கு பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தார். விசாவுக்கு என்று ஒரு கட்டு ஆங்கிலக் காகிதங்களில் கையெழுத்தும் வாங்கினார். தமிழில்தான் போட்டேன். துபாய் வேலை வரவில்லை. பாஸ்போர்ட் தோட்டத்து ஆபீஸின் அலமாரியிலேயே தங்கிவிட்டது.

சில வருடம் கழித்து, வெளிநாட்டில் பணத்தை ஒளித்து வைத்திருப்பவர்களின் காகிதங்கள் எங்கோ கசிந்தன. ஒரு நிருபர் எங்கள் வாடகை வீட்டைத் தேடி வந்தார். நான் கேள்விப்பட்டே இராத ஒரு தீவில் உள்ள கம்பெனிக்கு நான்தான் உரிமையாளர் என்றார். போனில் காட்டினார். என் பாஸ்போர்ட் படம், கீழே என் தமிழ்க் கையெழுத்து. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு வசதிய வச்சிக்கிட்டா பீடிக்கு எங்கிட்ட காசு கேட்டீக?" என்றாள். நிருபருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வரி கட்டாமல் தப்பிக்க முதலாளி என் பெயரில் கம்பெனி தொடங்கிப் போட்ட பணம் அது. கையெழுத்து வாங்கிய கதையை நிருபரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். போயிற்று. பேப்பரில் என் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் வந்தது. முதலாளியை மட்டும் 'ஒரு பிரமுகர்' என்று போட்டிருந்தார்கள். நிருபருக்குப் போன் செய்து கேட்டேன். வழக்கு வரும் என்று பத்திரிகையின் வக்கீல் அந்தப் பெயரை நீக்கிவிட்டாராம்.

அடுத்த மாதம் எங்கள் ரேஷன் கார்டை ஏழைகள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். வெளிநாட்டில் கம்பெனி வைத்திருப்பவனுக்கு அது கிடையாதாம். அந்தக் கார்டை நம்பித்தான் மெடிக்கல் காலேஜில் மனைவியின் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தோம்.

இருவரும் ரேஷன் கார்டு கொடுக்கும் சப்ளை ஆபீசுக்குப் போய், கம்பெனி என்னுடையது இல்லை என்று சொன்னோம். குமாஸ்தா கெட்டவர் இல்லை. "தெளிவு வேணும் அண்ணாச்சி" என்றார். மலையாளத்தில் தெளிவு என்றால் ஆதாரம். பேப்பரை நீட்டினேன்.

"இதுல உங்க பேரு மாத்திரம்தானே உள்ளு. பிரமுகர் ஆரு?"

முதலாளியின் பெயரைச் சொன்னேன். குமாஸ்தா பேனாவை மூடினார். அதை எழுதினால் தன்னைக் காசர்கோட்டுக்குத் தூக்கியடிப்பார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எழுதுங்க சார். எழுதுற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."

நானும் உட்கார்ந்தேன். குமாஸ்தா எங்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். மூன்று மணிக்கு வேறொருவர் வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, என்ன விஷயம் என்று கேட்டார். நான் பாஸ்போர்ட் எடுத்த கதையிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தேன்.