மழை வேண்டாம் என்ற வீடு

இறால் தீவன மூட்டையைப் பிரித்தால் கருவாட்டு வாசம் வீடெல்லாம் அடிக்கும். குளித்தாலும் கையை விட்டுப் போகாது... அருப்புக்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

திருச்சுழிப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில் போர் போட்டபோது உப்புத் தண்ணீர்தான் வந்தது. பருத்திக்கு ஆகாது, இறாலுக்கு ஆகும் என்று யாரோ சொல்லப்போய், வீட்டுக்காரர் காட்டை வெட்டிக் குளமாக்கிவிட்டார்.

தட்டில் தீவனம் வைத்துக் குளத்துக்குள் இறக்குவோம். பிறகு தூக்கிப் பார்த்து, மிச்சம் கிடந்தால் அடுத்த வேளைக்குக் குறைப்போம். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படிப் பார்த்துப் பார்த்து ஊட்டியதில்லை நான்.

இறால் பிடிக்கிற பருவம் நெருங்கியபோது, மழைக்கஞ்சிக்கு அரிசி வாங்க வந்தார்கள். வீடுவீடாக அரிசி வாங்கி, கண்மாய்க்கரையில் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றினால் மழை இறங்கும் என்று ஊர் நம்பிக்கை. ஓலைப்பெட்டியோடு முன்னால் நின்றது வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி. அவர் காட்டுப் பருத்தி மழையில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது.

சுளகில் அரிசியோடு வந்த என்னை வீட்டுக்காரர் மறித்தார். பெருமழை பெய்தால் குளத்தில் உப்பு குறைந்து இறால் செத்துப்போகும் என்ற பயம் அவருக்கு.

"இந்த வருசம் எங்க வீட்டுல வாங்காதீகக்கா. இப்பத்திக்கு மழை வேண்டாம்."

"ஏலே... இந்தக் காட்டுல பெறந்துட்டு மழை வேண்டாம்னு சொல்லுதியா?"

தெருவே கேட்டது.

அந்த வாரமே கொட்டித் தீர்த்தது. கரண்டும் போய், தண்ணீரைக் கலக்கி இறாலுக்குக் காற்று கொடுக்கும் ஏரேட்டர் நின்றுவிட்டது. விடிந்து பார்த்தால் இறால் மிதக்கிறது... வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். ஊரே சிரித்துக்கொண்டு காட்டுக்குப் போக, நாங்கள் இரண்டு பேர் மட்டும் செத்த இறாலை வலையில் அள்ளினோம். மதினி தன் காட்டு வரப்பில் நின்று பார்த்தார். இறங்கி வரவில்லை.

இப்போது வற்றிப்போன குளத்தில் கருவேல மரம்தான் நிற்கிறது. உப்பேறிய மண்ணில் வேறு என்ன முளைக்கும்?

இந்த வருடமும் மழைக்கஞ்சிக்கு வந்தார்கள். நான் முன்கூட்டியே அரிசியோடு வாசலில் நின்றேன். வீட்டுக்காரரும் பக்கத்தில் வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மதினி பெட்டியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"ஒங்க அரிசி விழுந்தா மழை வராது தாயி. உள்ள கொண்டு போ."

முன்பெல்லாம் தம்பி வீட்டு அரிசிதான் முதல் பிடி என்று எங்கள் வாசலில்தான் ஆரம்பிப்பார்...

அந்த அரிசியைத்தான் அன்றைக்கு உலையில் போட்டேன்.