பச்சைச் சேலைக்காரியும் கடைசி வாசகமும்

எங்கள் மருந்துக் கடை மேசையில், இழுத்துத் திறக்கும் கீழ் லாச்சிக்குள், தொடுதிரை உள்ள ஒரு பழைய டெப் கிடக்கிறது. அதன் உடைந்த மூலையில் காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவர் அப்போது எங்களுக்கு மனேஜராக இருந்தவர், காத்தான்குடிக்காரர். கொழும்பிலிருந்து அது வந்த முதல் நாளே நான் பயத்தில் கை நழுவ விட்டுவிட்டேன். அவர் ஏசவில்லை. ஒரு பிளாஸ்டரைக் கிழித்து ஒட்டி, "முதல் நோயாளிக்கு மருந்து கட்டியாச்சி. இனி நீங்க பாடத்தப் படிங்க தங்கச்சி" என்று என் கையில் தந்தார்.

அதுவரை பதினெட்டு வருடம் நான் பின்னறையில் இருந்தேன். குளிசைகளை எண்ணி உறையில் போட்டு, எந்த நேரம் எத்தனை என்று எழுதுவது என் வேலை. வருகிறவர்களின் முகம் பார்க்கத் தேவையில்லை. சின்ன யன்னலால் கைகள் மட்டும் தெரியும், எனக்கு அது போதுமாக இருந்தது. யாராவது நேரே பார்த்து ஒன்றைக் கேட்டால் தெரிந்த பதிலும் என் தொண்டைக்குள் நின்றுவிடும். மாத முடிவில் பின்னறையை மூடப்போவதாகத் தலைமைக் காரியாலயம் அறிவித்தது. முன்மேசையில் நிற்கக்கூடியவர்களுக்குத்தான் இனி வேலை. அதற்கு டெப்பில் நடக்கும் பரீட்சையில் எண்பது புள்ளி எடுக்க வேண்டும். ஓ.எல். சோதனையோடு படிப்பை விட்டவள் நான். நாற்பத்தைந்து வயதில் வேறு எந்தக் கடைவாசலில் போய் நிற்பது?

டெப்பைத் திறந்தால் திரையில் ஒரு கடை தெரியும். பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வருவாள். "எனது மருந்தை வழங்குவதில் ஏன் இவ்வளவு தாமதம்?" என்பாள். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "என்னகா, இன்னும் தரல்லியா?" என்றுதான் கேட்பார்கள். அவள் கேட்டதும் கீழே மூன்று பதில்கள் வரும். ஒன்றை அழுத்தினால் அதற்கேற்றபடி அவள் முகம் மாறும். தலைக்கு மேலே ஒரு வட்டம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும்.

சில நாட்கள் நல்ல பிள்ளையாகச் சரியான பதில்களையே அழுத்தினேன். பிறகு எனக்கு ஓர் ஆசை வந்தது. பிழையாகச் சொன்னால் இவள் என்ன செய்வாள்? "உங்களுக்கு மட்டும்தான் அவசரமா?" என்பதை அழுத்தினேன். அவள் புருவம் சுருங்கியது. "அப்படியானால் வேறு கடைக்குப் போங்கள்" என்பதையும் அழுத்தினேன். வட்டம் சிவந்து, கைப்பை ஆட அவள் வெளியே போய்விட்டாள். பிறந்ததிலிருந்து ஒருவரையும் ஏசாத நான் டெப்பைக் கவிழ்த்து வைத்தேன். ஆனால் மறுபடி ஆரம்பித்ததும் ஒன்றும் நடக்காதவள் போல அதே கதவால் வந்து நின்றாள். அவளுக்கு வீடு எங்கே, மருந்து யாருக்கு என்றெல்லாம் யோசித்தேன். ஒரு பதிலும் சொல்லாமல் சும்மா இருந்தும் பார்த்தேன். கையைப் பிசைந்தாள், பெருமூச்சு விட்டாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கோபம் வருவதற்கு முன் ஒரு கணம் அந்த முகம் பயந்துபோய் இருந்தது. "முதலில் அமருங்கள்" என்பதை அழுத்தினால் மட்டும் அந்தப் பயம் கொஞ்சம் இறங்கியது. பதினெட்டு வருடம் கைகளை மட்டும் பார்த்த எனக்கு இது புதிய செய்தி.

நான் அழுத்தியதெல்லாம் கொழும்பில் பதிவாகிறது என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் மனேஜர் ஒரு கடதாசியோடு வந்தார்.

"தங்கச்சி, நேத்து மட்டும் பதினொரு பேர ஏசித் துரத்தியிரிக்கீங்க. இது யாரு, சண்டியனா எண்டு கொழும்பில கேக்கிறாங்க."

"எல்லாம் ஒரே ஆள்தான் சேர்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு முகம் மாறியது. "மறுகா ஏன், எல்லாத்தையும் சரியாச் சொன்ன நாளிலயும் எழுபத்தஞ்சிலேயே நிக்கிது?"

நான் கடைசித் திரையைக் காட்டினேன். மருந்தை வாங்கிக்கொண்டு போகிறவளிடம் "நன்றி, மீண்டும் வாருங்கள்" என்று சொன்னால் இருபத்தைந்து புள்ளி. எங்கள் ஊரில் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் "வாறன்" என்பார்கள். ஆசுபத்திரியிலும் மருந்துக் கடையிலும் மட்டும் "போறன்" என்பார்கள். நோயும் கூடவே திரும்பி வந்துவிடும் என்று அங்கே இருக்கிறவர்களும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். அந்தப் பெண்ணைப் பதினொரு தரம் ஏச எனக்கு முடிந்தது. அந்த ஒரு வாசகத்தை மட்டும் அழுத்த முடியவில்லை.

மனேஜர் டெப்பை வாங்கித் தானே விளையாடினார். கடைசித் திரையில் அவர் விரலும் அந்தரத்தில் நின்றது. "எங்கட வாப்பா ஆசுபத்திரியால வரக்குள்ள திரும்பியும் பாக்கல்ல" என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்கே வாசகத்தை மாற்றச் சொல்லி கொழும்புக்கு எழுதினார். பதில் வரவில்லை.

பரீட்சை நாளும் வந்தது. எழுபத்தைந்தில் வந்து நின்றேன். கடைக்கு எதிரே இருக்கும் வாவியின் காற்றில் சுவர்க் கலண்டர் அடித்துக்கொண்டிருந்தது. வேலை போனால் போகட்டும் என்று டெப்பை மேசையில் வைக்கப் போனேன். பக்கத்தில் நின்ற மனேஜர் கையை நீட்டினார்.

"நீங்க சொல்லல்ல. நான்தான் அமத்துறன். வாறது என்னோட வரட்டும்."

அழுத்தினார். பச்சைச் சேலைக்காரி கைகூப்பிவிட்டுப் போனாள்.

அந்த விரலால்தான் நான் இன்று முன்மேசையில் நிற்கிறேன். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். போன வருடம் ஒரு காலை, டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். இதயத்துக்கான குளிசைகள், மாதா மாதம் எடுக்க வேண்டியவை. துண்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்ன தங்கச்சி, முழிக்கிறீங்க? அண்டைக்கு அமத்தினத்துக்கு வந்திரிக்கன்" என்று சிரித்தார்.

அன்றைக்கு அழுத்தியதால்தான் நோய் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிரிப்புக்கு முன் அதே ஒரு கணப் பயத்தை அவர் முகத்திலும் கண்டேன். "முதல்ல இருங்க சேர்" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்தார். தோள் மெல்ல இறங்கியது.

கொழும்பிலிருந்து இப்போது புதிய டெப் வந்திருக்கிறது. அதிலும் கடைசி வாசகம் மாறவில்லை. பழையதை நான் திருப்பி அனுப்பவில்லை. ஒவ்வொரு மாதமும் உறையை வாங்கியதும், "எங்கட முதல் நோயாளி எப்படி இரிக்கி?" என்று கேட்பார். லாச்சியை இழுத்துக் காட்டுவேன்.

"பிளாஸ்டர் இன்னும் கழரல்ல சேர்."

"அப்ப போறன் தங்கச்சி."

"சுகமா இருங்க சேர்."

அடுத்த மாதத்துக்கும் சேர்த்து எழுதிய துண்டை அவர் மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பார். நாங்கள் இருவரும் அதைப் பார்க்காதது போல இருப்போம்.