வார்னிக்கு நாம் தராத வகுப்பறை

அன்று காலை முதல் வேலையாக, நான் பாடம் நடத்தும் நம் சான் ஹோசே தமிழ்ப் பள்ளியின் வாட்ஸப் குழுவில் குவிந்திருந்த ‘உலகின் மூத்த மொழி’ படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். ஹாவா அழைத்தார். அவர் கணவரும் என் அலுவலக நண்பருமான வார்னி தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

வார்னி லைபீரியாக்காரர். அவர் தாய்மொழியின் பெயர் ‘வை’. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக அதற்குச் சொந்த எழுத்து உண்டு. அவரோடு படம் எடுத்துக்கொண்ட உங்களில் ஒருவரும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

விஜயதசமிக்கு அவரை அழைத்து வந்தேன். நம் குழந்தைகள் அரிசியில் ‘அ’ எழுதுவதைப் பார்த்து உற்சாகமாகி, பக்கத்துத் தட்டில் தம் எழுத்து ஒன்றை எழுதினார். நம் தலைவர் சிரித்தபடியே அரிசியைத் தடவிச் சமன் செய்தார். “சூப்பர் டிராயிங் சார்!” பிறகு என்னிடம், “ஆப்பிரிக்கால ஏதுங்க ஸ்கிரிப்ட்? எல்லாம் டயலெக்ட்தானே?”

காரில் வார்னி சொன்னார்: “எல்லா மொழியிலும் இப்படி ஒரு தலைவர் இருப்பார். சால்வையின் நிறம்தான் மாறும்.”

சனிக்கிழமைகளில் தம் வீட்டு கராஜில் ஐந்து பிள்ளைகளுக்கு வை கற்பித்தார். அவர் பக்கத்துப் பேச்சும் ஹாவா பக்கத்துப் பேச்சும் வேறு. வகுப்பிலேயே இருவருக்கும் சண்டை நடக்கும். எது சரி என்று ஒரு பிள்ளை கேட்டது. “இரண்டும். ஆனால் ஆன்ட்டி சொல்வதை எழுது, எனக்கு மதியம் சோறு வேண்டும்” என்றார். நாமோ, ‘கதைக்கிறேன்’ என்று எழுதிய யாழ்ப்பாணத்துச் சிறுமிக்கு மதிப்பெண் குறைத்தவர்கள்.

குளிர்காலத்தில், சும்மா கிடக்கும் நம் கடைசி வகுப்பறையை என் மூலம் கேட்டார். “நம்ம பேரண்ட்ஸ் கம்ஃபர்ட்டபிளா ஃபீல் பண்ண மாட்டாங்க மேடம். பார்க்கிங் இஷ்யூ வேற” என்றது கமிட்டி. ஐந்து பிள்ளைகளுக்குப் பார்க்கிங்! அமெரிக்கப் பள்ளிகளில் தமிழுக்கு இடம் கேட்டுக் கையெழுத்து வாங்கும் அதே கமிட்டி. குளிருக்குப் பயந்து இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டன.

இப்போது அதே தலைவர், “ஒரு பேஜ் உருக்கமா எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல டைவர்சிட்டி செக்‌ஷன்ல போட்டுடலாம்” என்கிறார். உருக்கம் வரவில்லை. வந்ததை எழுதியிருக்கிறேன்.

அடக்கத்தன்று ஹாவா, “மூன்று பிள்ளைகளை வைத்துத் தனியாக என்ன நடத்துவது? நிறுத்திவிடுகிறேன்” என்றார்.

வார்னியின் சிரிப்பு என்னிடம் இல்லை. உங்களை மன்னிக்கும் அளவுக்கு நான் பெரியவளும் இல்லை. அவர் கற்றுத்தந்த, என் பெயருக்கான மூன்று வை எழுத்துகள் மட்டும் இருக்கின்றன. வரும் சனிக்கிழமை உங்கள் பள்ளிக்கு வரமாட்டேன். அந்த கராஜில் நான்காவது மாணவியாகப் போய் உட்காரப் போகிறேன். ஹாவாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.